கையெழுத்துக் கேட்ட ஆசிரியை

எழுதக் கற்றுக்கொடுத்தால் நூறு பவுன் தண்டம்!

கொலை செய்தவனுக்கு அல்ல, கொள்ளையடித்தவனுக்கு அல்ல; ஓர் அடிமைக்கு எழுத்தைக் கற்பித்தவனுக்கு! 1740-ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த தென் கரோலினாவில் ஆளும் வெள்ளையர் இயற்றிய சட்டம் அது. முந்தைய ஆண்டில் ஸ்டோனோ ஆற்றுப் பகுதியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி இரத்த வெள்ளத்தில் மூழ்கடிக்கப்பட்டது. ஆயினும் ஆண்டைகளுக்கு உறக்கம் வரவில்லை. சங்கிலி காலைக் கட்டும், கருத்தைக் கட்டுமா? ஆகவே எழுத்தைத் தடுத்தனர். அதுவும் போதாதென்று 1834-இல், எழுதுவதோடு படிப்பதையும் சேர்த்துத் தடை விதித்தனர்.

நாம் இங்கே சற்று நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். கறுப்பனுக்கு அறிவு ஏறாது, அவன் மூளை அதற்கென்று படைக்கப்படவில்லை என்று அந்த ஆண்டைகளும், ஆண்டைகளுக்குத் துணைபோன புலவர்களும் புரோகிதர்களும் பக்கம் பக்கமாக எழுதினார்களே, அறிவே ஏறாதவனுக்கு அறிவைத் தடுக்கச் சட்டம் எதற்கு? பறக்க இயலாத ஆமைக்குச் சிறகு முளைக்கக்கூடாது என்று எவனாவது ஆணை பிறப்பிப்பானா? தடை போட்டதே, தாம் சொன்னது பொய் என்பதைத் தடை போட்டவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று. பிறப்பினால் உயர்வு தாழ்வு பேசும் கூட்டம் எந்த நாட்டில் இருந்தாலும், அதன் வாதம் இப்படித்தான் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு நிற்கும்.

அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தவர் பீட்டர் பாயின்செட் என்னும் அடிமைச் சிறுவர். ஆண்டையின் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது அவருக்கிட்ட பணி. புத்தகச் சுமையோடு உடன் செல்வார். பிள்ளைகள் உள்ளே போவார்கள். பாடம் நடக்கும். இவர் வெளியே உட்கார்ந்திருப்பார், பள்ளி விடும்வரை! பிறகு புத்தகங்களைச் சுமந்து வீடு திரும்புவார். ஆண்டுக்கணக்கில் புத்தகத்தைச் சுமந்த கைக்கு அதில் உள்ள ஓர் எழுத்தைத் தொடும் உரிமை இல்லை. செய்தியை நமக்குச் சொல்லி வைத்தவர் அவருடைய மகள். அந்த மகளின் வரலாறுதான் இக்கட்டுரை.

செப்டிமா பாயின்செட் கிளார்க். 1898-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். அடிமைமுறை ஒழிந்து முப்பதாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் 1895-இல் தென் கரோலினா தனக்கென ஓர் அரசியல் சட்டத்தைப் புதிதாக எழுதிக்கொண்டது. வாக்குரிமை வேண்டுமா, அரசியல் சட்டத்தின் பகுதியைப் படித்துக் காட்டு. இல்லையேல் முந்நூறு டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியவனாக இரு என்றது அந்தச் சட்டம். படித்தது சரியா என்று முடிவு கூறுபவன் வெள்ளைய அதிகாரி. நேற்றுவரை படிக்கக்கூடாது என்று தடுத்தவன், இன்று படிக்கத் தெரியாதே என்று கைகொட்டிச் சிரிக்கிறான்! முதல் சட்டம் கண்ணைக் குத்திற்று. இரண்டாவது சட்டம் குருடனுக்கு இங்கே இடமில்லை என்றது.

செப்டிமாவின் அன்னை விக்டோரியா சலவைத் தொழில் செய்தவர். ஹெய்ட்டித் தீவில் வளர்ந்தவர். தாம் எவருக்கும் அடிமையாக இருந்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை. பிறர் வீட்டுத் துணியை வெளுத்தாலும் பிறர் வீட்டுப் படியேறிப் பணிவிடை செய்ய மறுத்தவர். நகரத்துக் கறுப்பர் பள்ளியில் ஒரே வகுப்பில் நூறு குழந்தைகளை அடைத்து வைத்திருந்ததைக் கண்டு மகளை அங்கிருந்து மீட்டார். ஒரு பெண்மணி தம் வீட்டில் நடத்திய சிறு பள்ளியில் சேர்த்தார். கட்டணம்? காசு இல்லை. அந்த ஆசிரியையின் குழந்தைகளைக் காலையிலும் மாலையிலும் பார்த்துக்கொள்வது — அதுவே கட்டணம். ஏழைச் சிறுமி, தானும் குழந்தையாக இருந்துகொண்டே, குழந்தைகளைச் சுமந்து எழுத்தை வாங்கினாள்.

பின்னர் ஏவரி நார்மல் கல்விக்கூடம். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இல், விடுதலை பெற்ற மக்களுக்காக அமெரிக்க மிஷனரி சங்கம் நிறுவிய பள்ளி அது. அங்கே பயின்று 1916-இல் ஆசிரியைக்கான சான்றிதழோடு வெளியே வந்தார் செப்டிமா. மேலே கல்லூரிக்குப் போ என்றனர் ஆசிரியர்கள். போக ஆசை இருந்தது, பணம் இல்லை. பதினெட்டு வயது, பணி தேடினார்.

இங்கேதான் விந்தையைப் பாருங்கள். சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பர் குழந்தைகளுக்கென நகராட்சிப் பள்ளிகள் இருந்தன. ஆனால் அந்தப் பள்ளிகளில் கறுப்பர் ஆசிரியராக முடியாது! படிப்பவர் கறுப்பர், பாடம் சொல்பவர் வெள்ளையர். தெருவில் தம் மாணவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆசிரியைகள்! ஊருக்கு வெளியே, தீவுகளிலும் காடு கழனிகளிலும், வெள்ளையர் எவரும் போக விரும்பாத இடங்களில் மட்டும் கறுப்பர் பணியாற்றலாம். எனவே செப்டிமா படகேறி ஜான்ஸ் தீவுக்குச் சென்றார். பாலம் கிடையாது அந்நாளில். சேறும் சதுப்பும், பருத்தியும் கொசுவும். பேச்சிலே ஆப்பிரிக்க மொழிகளின் சாயல் மாறாத உழைப்பாளி மக்கள்.

அந்தத் தீவுப் பள்ளியின் கணக்கு நம் போன்ற ஆசிரியர்கள் நெஞ்சில் எழுதி வைக்க வேண்டிய கணக்கு. இரண்டு ஆசிரியைகள், 132 குழந்தைகள். தலைமையாசிரியை என்ற பெயரில் செப்டிமாவுக்குத் திங்களுக்கு 35 டாலர், துணையாசிரியைக்கு 25, இருவருக்கும் சேர்த்து 60. சாலைக்கு அந்தப் பக்கம் வெள்ளையர் பள்ளி. அங்கே ஓர் ஆசிரியை, மூன்று குழந்தைகள்! அந்த ஓர் ஆசிரியைக்கு 85 டாலர். ஒரு பக்கம் 132-ஐ 60-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் 3-ஐ 85-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் நிறவெறி என்றால் என்ன என்று விளக்கப் பேரகராதி தேவையில்லை.

பள்ளியில் போதிய நூல்கள் இல்லை. காகிதப் பைகளைக் கிழித்து, அவற்றில் அந்தத் தீவின் மரங்களையும் பயிர்களையும் பற்றியே கதை எழுதி, அதையே பாடநூலாக்கினார். அறுவடை இருந்தால் பிள்ளைகள் வரமாட்டார்கள். மழை பெய்தால் வருவார்கள். இரவில் பெரியவர்கள் வந்தனர். எங்களுக்கும் எழுத்தைக் காட்டு அம்மா என்றனர். தங்கள் சங்கக் கூட்டங்களில் எழுந்து நின்று நாலு சொல் படிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. பகலில் பிள்ளைகளும் இரவில் பெற்றோருமாகப் பாடம் நடந்தது. பிற்காலத்தில் தெற்கு மாநிலங்களையே அசைத்த ஒரு முறைக்கு வித்து இந்தத் தீவின் இருட்டிலே விழுந்தது என்பதை அன்று யாரும் அறியார்; அந்த ஆசிரியையும் அறிந்திருக்க மாட்டார்.

1919-இல் ஏவரிக்கே ஆசிரியையாகத் திரும்பினார். கறுப்பர் பள்ளியில் கறுப்பரே கற்பிக்க உரிமை வேண்டும் என்ற கிளர்ச்சி அப்போது நகரில் எழுந்தது. நடத்தியது, நிறமக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம். என்.ஏ.ஏ.சி.பி. என்று உலகமறிந்த இயக்கம் அது. ஆட்சியாளர் மழுப்பினர். "இதைக் கேட்பவர்கள் மேனாமினுக்கிகளான கலப்பினத்தார் சிலர்தாம். சமையல்காரிகளும் சலவைக்காரிகளுமா கேட்கிறார்கள்?" என்ற பாணியில் கதை கட்டினர். அப்படியா, சமையல்காரியின் கையெழுத்தும் சலவைக்காரியின் கையெழுத்தும் வேண்டுமா, இதோ கொண்டு வருகிறோம் என்று வீடுவீடாகப் படியேறியவர்களுள் சலவைக்காரியின் மகளான செப்டிமாவும் ஒருவர். ஆயிரக்கணக்கில் கையெழுத்துகள் திரண்டன. 1920-இல் சார்ல்ஸ்டன் நகரின் கறுப்பர் பள்ளிகளில் கறுப்பர் ஆசிரியர்கள் அடியெடுத்து வைத்தனர்.

வெற்றி வந்த அதே காலத்தில் வாழ்விலே துன்பமும் வந்தது. நெரி கிளார்க் என்னும் கப்பற்படை வீரரை மணந்தார். முதற் குழந்தை ஒரு திங்களைக்கூடக் காணாமல் மறைந்தது. 1925-இல் கணவரும் சிறுநீரக நோயால் மாண்டார். கையில் ஓர் ஆண் குழந்தை. மாதச் சம்பளமோ இருவர் வயிற்றுக்குப் போதாது. மகனைக் கணவரின் பெற்றோரிடம் வடக்குக் கரோலினாவில் விட்டுவிட்டு, ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் திரும்பினார். இதைத் தியாகம் என்று பாட நமக்கு மனம் வரவில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் தந்திருந்தால் அந்தத் தாய் பிள்ளையைப் பிரிந்திருக்க வேண்டியதில்லை. வறுமையை வீரமாக்கிப் பாடுவது, வறுமையை உண்டாக்கியவனைத் தப்பவிடும் வேலை.

1929-இல் மாநிலத் தலைநகரான கொலம்பியாவுக்குச் சென்றார். அங்கே பணி செய்துகொண்டே படித்தார், படித்துக்கொண்டே பணி செய்தார். அட்லாண்டாவில் 1937-இல் டபிள்யூ. ஈ. பி. டூ பாய்ஸ் என்னும் மாமேதையிடம் பாடம் கேட்டார். பி.ஏ. பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 44. எம்.ஏ. பட்டம் 1946-இல், வயது 48. இருபதில் பட்டம் பெற்று, அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அன்றோடு புத்தகத்தை மூடிவிடுகிற நம் போன்றோர் சற்றே நாண வேண்டிய இடம் இது.

ஆசிரியர் ஊதியத்தில் இருந்த நிற வேற்றுமையை எதிர்த்து நீதிமன்றம் சென்றது இயக்கம். வழக்கிற்கு வேண்டிய சான்றுகளைத் திரட்டும் வேலையில் செப்டிமாவும் தோள் கொடுத்தார். 1945-இல் வேட்டீஸ் வேரிங் என்னும் வெள்ளைய நீதிபதி, ஒரே தகுதிக்கு ஒரே ஊதியம் எனத் தீர்ப்பளித்தார். உடனே மாநிலம் ஒரு சூழ்ச்சி செய்தது: எல்லா ஆசிரியரும் தேர்வு எழுத வேண்டும், தரத்துக்கேற்பவே சம்பளம்! கறுப்பர் தோற்பர், கருவூலம் பிழைக்கும் என்ற கணக்கு. செப்டிமா தேர்வெழுதினார், முதல் தரம் பெற்றார். கொலம்பியாவுக்கு வந்தபோது மாதம் 65 டாலர் வாங்கியவர், 1947-இல் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பியபோது ஏறத்தாழ 400 டாலர் வாங்கினார்.

அந்த நீதிபதி வேரிங் பற்றியும் ஒரு சொல். சார்ல்ஸ்டனின் பழங்குடிப் பெருமை பேசும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அவரே, பள்ளிகளில் நிறப் பிரிவினை என்பது தன்னளவிலேயே சமமின்மை என்று 1951-இல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அவர்முன் வந்தது கிளாரெண்டன் மாவட்டத்து வழக்கு. அங்கே வெள்ளைக் குழந்தைக்கு ஆண்டுக்கு 179 டாலர் செலவிட்ட அரசு, கறுப்புக் குழந்தைக்குச் செலவிட்டது 43 டாலர். வெள்ளையர் பள்ளிகளுக்கு முப்பது பேருந்துகள். கறுப்பர் பள்ளிகளுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த வழக்கும் வேறு நான்கும் சேர்ந்துதான் 1954 மே 17-இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் புகழ்பெற்ற பிரவுன் தீர்ப்பாக மலர்ந்தன. வேரிங்கை அவர் இனத்தாரே ஊர்விலக்கம் செய்தனர். அவர் வீட்டிற்கு வெளிப்படையாகச் சென்று வந்த கறுப்பர் சிலருள் செப்டிமாவும் ஒருவர். அதனால் கறுப்பர்களே அவரைப் பார்த்து அஞ்சினர். ஆம், அஞ்சினர். அடுத்து நாம் சொல்லப்போவது அந்த அச்சத்தின் கதை.

பிரவுன் தீர்ப்பு வந்ததும் தெற்கத்திய வெள்ளையர் ஆட்சிகள் வெகுண்டெழுந்தன. 1956-இல் தென் கரோலினா ஒரு சட்டம் செய்தது: அரசு, மாவட்ட, நகராட்சிப் பணியில் உள்ள எவரும் என்.ஏ.ஏ.சி.பி.யில் உறுப்பினராக இருக்கக்கூடாது. ஆசிரியர்களிடம் வினாத்தாள் நீட்டப்பட்டது: நீ எந்தச் சங்கத்தில் இருக்கிறாய்? இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும். வேலை நிலைக்கும், வீடு நிலைக்கும். எலோரீ என்னும் சிற்றூரில் கறுப்பர் ஆசிரியர் 21 பேர் பணிய மறுத்து வேலை இழந்தனர். செப்டிமா தம் உறுப்பினர் நிலையை மறைக்கவில்லை, எழுதிக் கொடுத்தார். விளைவு? நாற்பதாண்டுக்காலம் ஆசிரியையாக உழைத்தவர், 58-ஆம் வயதில், ஓய்வூதியமும் இன்றி வெளியே தள்ளப்பட்டார்.

தாம் மட்டும் தனித்து நின்றால் போதாது என்று கருதினார் அவர். கறுப்பர் ஆசிரியர் 726 பேருக்குக் கடிதம் அனுப்பினார். இந்தச் சட்டம் அநீதி என்று கூறக் கையெழுத்துக் கொடுங்கள் என்று கேட்டார். பதில் எழுதியவர் 26 பேர்! கல்வி மேலதிகாரியைக் காண உடன் வருகிறோம் என்றவர் 11 பேர். சொன்ன நாளில் வந்தவர் ஐவர்.

எழுநூற்று இருபத்தாறில் ஐவர். 1919-இல் சமையல்காரிகளும் சலவைக்காரிகளும் தயங்காமல் தந்த கையெழுத்தை, 1956-இல் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் தர அஞ்சினர். இன்னொன்றும் நடந்தது. அவர் சார்ந்திருந்த கறுப்பின மகளிர் சங்கம் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது, பணமும் திரட்டிற்று. ஆனால் படம் பிடிக்கும் நேரம் வந்தபோது, அவர் பக்கத்தில் நிற்க ஒருவரும் முன்வரவில்லை. படம் பத்திரிகையில் வரும். பார்த்தால் வேலை போகும்! மாலை போட்ட கைகள், மாலை போட்டதற்குச் சாட்சி இல்லாமல் இருக்க விரும்பின.

இவர்களைக் கோழைகள் என்று ஏசுவது எளிது. மேடையிலே நின்று ஏசுவது இன்னும் எளிது. செப்டிமா ஏசவில்லை. அந்த 726 கடிதங்களைத் தம் வாழ்வின் தோல்விகளுள் ஒன்றாகப் பின்னாளில் குறிப்பிட்டார். குறை அவர்களிடம் அல்ல. அவர்கள் அணியமாகாத ஒன்றுக்குத் தாம் அவர்களைத் தள்ள முயன்றதாகவே சொன்னார். தலைவர்கள் பலர் தோல்விக்கு மக்களைக் குற்றஞ்சாட்டுவர். இவர் தம் முறையைக் குற்றஞ்சாட்டினார். அச்சத்தில் உள்ளவனிடம் கையெழுத்தைக் கேட்காதே; அவன் அச்சம் எங்கே வேர்விட்டிருக்கிறது என்று பார்; அங்கிருந்து தொடங்கு. இதுவே அவர் பெற்ற பாடம் என்று நாம் கொள்கிறோம்.

வேலை இழந்தவரை அழைத்துக்கொண்டது டென்னசி மாநிலத்து ஹைலாண்டர் மக்கள் பள்ளி. மைல்ஸ் ஹார்ட்டன் என்னும் வெள்ளையர் நடத்தியது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்டு, ஒரே கூரையில் உறங்கி, ஒரே அவையில் வாதிட்ட இடம். அந்நாளைய தெற்கில் அது ஓர் அதிசயம். செப்டிமா 1954 முதலே அங்கே சென்று வந்தவர். 1955 கோடையில் அவர் நடத்திய பயிற்சி முகாமில், அதிகம் பேசாத தையற்காரப் பெண் ஒருவர் வந்து அமர்ந்திருந்தார். அந்தப் பெண் அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் மான்கோமெரி நகரப் பேருந்தில் வெள்ளையனுக்காக எழுந்திருக்க மறுத்தார். ரோசா பார்க்ஸ்! உலகம் அறிந்த பெயர். அவருக்கு அந்தக் கோடையில் பயிற்சி நடத்திய ஆசிரியையின் பெயரை உலகம் அறியவில்லை.

மீண்டும் ஜான்ஸ் தீவு. முதல் வேலை கிடைத்த அதே தீவு! அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்றொருவர், தீவு மக்களைப் பேருந்தில் ஏற்றிச் சார்ல்ஸ்டன் வேலைகளுக்கு அழைத்துச் செல்வார். வண்டி ஓடும், வழியெல்லாம் அரசியல் சட்டப் பகுதியைச் சொல்லிக் கொடுப்பார். ஆலிஸ் வைன் என்னும் பெண்மணி கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார். ஆனால் எனக்குக் கிளிப்பிள்ளைப் பாடம் வேண்டாம், படிக்கவே கற்றுக்கொடுங்கள் என்றார். ஜென்கின்ஸ் ஹைலாண்டரை நாடினார். ஹைலாண்டர் வட்டியின்றிக் கடன் தந்தது. தீவினர் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றை வாங்கினர். முன்புறம் கூட்டுறவு மளிகைக்கடை, பின்புறம் வகுப்பறை. ஏன் கடை? வெள்ளையர் பார்த்தால் கடையாகத் தெரிய வேண்டும்! சோப்பும் சர்க்கரையும் விற்கும் இடத்துக்குப் பின்னே, சட்டம் படிக்கும் பள்ளி.

ஆசிரியர் யார்? பட்டதாரி ஆசிரியர்களை அழைக்க முடியாது. வந்தால் வேலை போகும். செப்டிமா தேர்ந்தது தம் உறவினர் பெர்னிஸ் ராபின்சனை. அவர் பெண்களுக்குக் கூந்தல் ஒப்பனைக் கடை நடத்துபவர். நான் ஆசிரியை அல்லவே என்று தயங்கினார். அதனால்தான் உன்னைக் கேட்கிறோம் என்பதே பதில். அவர் கடைக்கு வருவோர் எல்லாம் கறுப்பர். அவரை வேலை நீக்கம் செய்ய எந்த வெள்ளையனாலும் முடியாது. எவன் சம்பளம் தருகிறானோ அவன் வாயைக் கட்டுகிறான். அவன் கட்ட முடியாத வாய் கூந்தல் ஒப்பனைக்காரியுடையது! 726 கடிதங்கள் கற்பித்த பாடம் இங்கே பயன்பட்டதைக் கவனியுங்கள்.

1957 ஜனவரி 7-ஆம் நாள் இரவு 14 பேருடன் வகுப்பு தொடங்கியது. சிறுவர் பாடநூல்களைக் கொண்டு வந்த பெர்னிஸ், அவற்றை அன்றே ஒதுக்கி வைத்தார். உழுது உழுது காய்ந்த கைகளுக்கு நாய்க்குட்டிப் படமா? நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். ஒருவருக்குத் தம் பெயரை எழுத வேண்டும். ஒருவருக்குப் பணவிடைத்தாளை நிரப்ப வேண்டும். வேறொருவருக்கு அஞ்சலில் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும். அவையே பாடமாயின. பெயரை அட்டையில் எழுதித் தருவார். அதன்மேல் மீண்டும் மீண்டும் எழுதுகோலை ஓட்டுவார்கள், கைக்கு வழக்கம் வரும்வரை. கலப்பை பிடித்த கை எழுதுகோலை அழுத்தும், முனை முறியும், சீவிக்கொள்வார்கள். சுவரிலே ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பிரகடனம் தொங்கியது. வகுப்பு முடிவதற்குள் இதை எல்லாரும் படிக்க வேண்டும் என்பது இலக்கு. அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர், பல பெயர்கள் எழுதப்பட்ட பலகையில் தம் பெயரைத் தாமே கண்டு சுட்டிக் காட்டியதைப் பெர்னிஸ் வாழ்நாள் எல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அறுவடை முடிந்த குளிர்காலத்தில், வாரம் இரண்டு இரவுகள், இரண்டு திங்கள். அவ்வளவே! அதற்குள் 14 பேர் 37 பேராகப் பெருகினர். அவர்களுள் பலர் பதிவு அலுவலகம் சென்று, அந்த 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தை அதிகாரியின் முகத்துக்கு நேரே படித்துக்காட்டி, வாக்காளர் பட்டியலில் கையெழுத்திட்டனர். குடிமைப் பள்ளி என்று பெயர் பெற்ற அந்த முறை அண்டைத் தீவுகளுக்குப் பரவியது. வாட்மலா, எடிஸ்டோ எனத் தொடர்ந்தது.

அதிகாரம் சும்மா இருக்குமா? 1959 ஜூலை 31 இரவு ஹைலாண்டரில் காவலர் புகுந்தனர். சாராயம் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டிச் செப்டிமாவைச் சிறையில் அடைத்தனர். மதுவைத் தொடாத, அறுபதைக் கடந்த அம்மையாரை! குற்றச்சாட்டு நிற்கவில்லை, ஆனால் பள்ளியின் உரிமத்தைப் பறித்து, 1961-இல் அதை மூடியேவிட்டது டென்னசி அரசு. பள்ளி மூடப்பட்டது, பாடம் மூடப்படவில்லை. மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கிய தென்மாநிலக் கிறித்தவத் தலைவர்கள் மாநாடு என்னும் அமைப்பு குடிமைப் பள்ளித் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஜார்ஜியாவில் டார்செஸ்டர் என்ற இடத்தில் ஆசிரியர் பயிற்சி நடந்தது. எழுதப் படிக்க ஓரளவு தெரிந்த உழவர், சமையல்காரி, சலவைக்காரி — இவர்களே பயிற்சி பெற்று ஊர் திரும்பி ஆசிரியர் ஆயினர். 1957 முதல் 1970 வரை தெற்கெங்கும் ஏறத்தாழ 900 குடிமைப் பள்ளிகள் நடந்தன.

வீர உரைகளும் பேரணிகளும் வரலாற்றின் முதற்பக்கத்தில் இடம்பெறும். ஆனால் பேரணியில் நடந்த கால்களுக்கு உரியவர்கள், வாக்குச் சாவடியில் நின்றபோது படிக்கத் தெரிந்தவர்களாக இருந்தது எப்படி என்ற கேள்விக்கு விடை, முடிதிருத்தகங்களின் உள்ளறையிலும் மளிகைக்கடைகளின் பின்கட்டிலும் இருக்கிறது.

இயக்கத்துக்குள்ளும் செப்டிமா ஒரு போர் நடத்த வேண்டியிருந்தது. நிறத்துக்காக அல்ல, பெண்ணாகப் பிறந்ததற்காக. நிர்வாகக் குழுவில் இந்த அம்மையாருக்கு ஏன் இடம் என்று முன்னணித் தலைவர் ஒருவரே திரும்பத் திரும்பக் கேட்டார். எல்லா அணிவகுப்புக்கும் நீங்களே தலைமை தாங்க வேண்டாம். அந்தந்த ஊரில் தலைவர்களை வளர்த்துவிடுங்கள் என்று கிங்குக்கு அவர் கடிதம் எழுதினார். அது குழுவில் படிக்கப்பட்டபோது ஆண்கள் சிரித்தனர். கிங்கிடம் அவர் கொண்ட மதிப்பு குறையவில்லை; 1964-இல் நோபல் பரிசு வாங்க அவர் ஆஸ்லோ சென்றபோது உடன் சென்றவர்களுள் இவரும் ஒருவர். எனினும் அந்தச் சிரிப்பை மறைக்காமல் சொல்லி வைத்தார். இன விடுதலை பேசும் இயக்கத்தில் பெண்ணுக்கு நாற்காலி இல்லையென்றால் அது அரை விடுதலை என்பதைச் சுட்டிக்காட்ட அவர் தயங்கவில்லை. இயக்கம் நடத்துகிற எவரும், எந்த நாட்டிலும், இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லாமல் இருமுறை படிப்பது நல்லது.

1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. தெற்கின் எழுத்தறிவுத் தேர்வுகள் வீழ்ந்தன. 1970-இல் அமைப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பினார் செப்டிமா. ஓய்வு என்பது பெயருக்குத்தான். 1975-இல் சார்ல்ஸ்டன் மாவட்டப் பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் நடந்தது. பணியிலிருந்து நீக்கப்பட்டபோது, கையெழுத்துக் கேட்டு எழுதி, ஐவரோடு மேலதிகாரியின் முன் நின்றவர், எழுபதைக் கடந்த வயதில் அங்கே வாக்குக் கேட்டார். மக்கள் வாக்களித்தனர். வாரியத்தில் உறுப்பினராக அமர்ந்தார். மறு ஆண்டு, 1956-இல் அவரை நீக்கியது முறையன்று என்று ஏற்ற மாநில ஆளுநர், ஓய்வூதியத்தைத் திருப்பி அளித்தார். இருபதாண்டு கழித்து! 1987 டிசம்பர் 15-இல், தம் 89-ஆம் வயதில், அவர் மறைந்தார். மறைந்த இடம் ஜான்ஸ் தீவு.